ரெண்டு ஆம்ப் இருக்கு, கிராஸ்ஓவர் எங்க?

போன வாரம் ஒருத்தருக்கு பதில் எழுதறப்ப போற போக்குல "அதெல்லாம் பை-ஆம்ப் பண்றவங்களுக்கு, உங்களுக்கு வேணாம்"னு ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், மிக்ஸி, வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் கேள்வியெல்லாம் ஓரமா போயி இன்பாக்ஸ் முழுக்க ஊஃபரும் ட்வீட்டரும்தான். சரி, இந்த தடவை முழுசும் அதுக்கே. கடிதங்களை வெட்டி சுருக்கித்தான் போட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

தெரியாதவங்களுக்கு மட்டும்: ஒரு பாக்ஸ்ல பேஸ் போடற ஊஃபருக்கு தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), மேல் சத்தம் போடற ட்வீட்டருக்கோ ஹார்னுக்கோ தனி ஆம்ப், இதுதான் பை-ஆம்ப். எந்த சத்தம் எங்க போகணும்னு பிரிச்சு விடறது கிராஸ்ஓவர்.

கே: என் டவர் ஸ்பீக்கருக்கு பின்னாடி நாலு டெர்மினல் இருக்கு. இன்னொரு பவர் ஆம்ப் வாங்கி பை-ஆம்ப் பண்ணா சத்தம் ரெண்டு மடங்கு ஆகும், கிளாரிட்டியும் கூடும்னு ஷோரூம்ல சொல்றாங்க. 42 ஆயிரம் ரூபா. வாங்கலாமா சார்? (கோயம்புத்தூர்)

ப: வேணாம். இதோட நிறுத்திட்டு போனாலும் சரி, 42 ஆயிரம் மிச்சம். ஆனா காரணத்தை சொல்லாம விட்டா எனக்கு தூக்கம் வராது, இது என்னோட ரொம்ப நாள் எரிச்சல், ஏசி ரூம்ல உக்கார வச்சு காபி குடுத்து மரியாதையா சொல்ற பொய் இது.

உங்க பாக்ஸுக்குள்ள ஏற்கனவே ஒரு கிராஸ்ஓவர் போர்டு இருக்கு, காயிலும் கெப்பாசிட்டரும் வச்சது, அதுக்கு பேரு பேசிவ் கிராஸ்ஓவர். நாலு டெர்மினல்ல மேல ரெண்டு அந்த போர்டோட ட்வீட்டர் பாதிக்கு போகுது, கீழ ரெண்டு ஊஃபர் பாதிக்கு போகுது, அவ்ளோதான். நீங்க ரெண்டாவது ஆம்ப் மாட்டினாலும் அந்த போர்டு அதே இடத்துலதான் இருக்கும், ரெண்டு ஆம்புக்குள்ளயும் முழு பாட்டும் போகும், பேஸும் போகும் ட்ரெபிளும் போகும். ட்வீட்டருக்கு போட்ட ஆம்ப் பேஸுக்கு கரண்ட் குடுக்க வேண்டியதில்ல, வாஸ்தவம். ஆனா ஆம்ப் கிளிப் ஆகறது, அதாவது சிக்னலோட உச்சி வெட்டுப்பட்டு கரகரன்னு ஆகறது, பெரும்பாலும் வோல்டேஜ் பத்தாம போயி, அந்த வோல்டேஜ் ரெண்டு ஆம்புக்குள்ளயும் அப்படியே முழுசா ஏறி இறங்கிட்டுதான் இருக்கும்.

கணக்காவே பாத்துருவோம். ஒரு பாட்டுல பேஸுக்கு 20 வோல்ட் உச்சம் வேணும், மேல் சத்தத்துக்கு 20 வோல்ட் உச்சம் வேணும்னு வைங்க. ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா ஒரே ஆம்ப் 40 வோல்ட் குடுக்கணும், 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்ல அது 100 வாட்ஸ் ஆம்ப். இப்ப கிராஸ்ஓவரை ஆம்புக்கு முன்னாடி கொண்டு வந்துட்டா, அதாவது ஆக்டிவ் கிராஸ்ஓவர் போட்டு சின்ன சிக்னலா இருக்கறப்பவே பிரிச்சுட்டா, ஒரு ஆம்புக்கு பேஸ் மட்டும், இன்னொண்ணுக்கு ட்ரெபிள் மட்டும், ஆளுக்கு 20 வோல்ட் போதும். 8 ஓம்ஸ்ல அது 25 வாட்ஸ். 100 வாட்ஸ் ஆம்ப் செய்யற வேலையை ரெண்டு 25 வாட்ஸ் செய்யுது, லாபம் இங்கதான் இருக்கு. கடைக்காரர் சொல்ற முறைல ரெண்டு ஆம்புமே 40 வோல்ட் குடுக்க வக்கு உள்ளதா இருக்கணும், அப்பறம் எதுக்கு ரெண்டு?

அந்த "ரெண்டு மடங்கு" கதைக்கு வரேன். பவர் நெஜமாவே ரெண்டு மடங்கு ஆனாகூட கூடறது 3 டெசிபல். காதுக்கு ரெண்டு மடங்குன்னு படணும்னா சுமார் 10 டெசிபல் வேணும், அதாவது பத்து மடங்கு பவர். உங்க ஏவி ரிசீவர்ல "பை-ஆம்ப்"னு ஒரு மெனு இருந்தா அதை போட்டு பாருங்க, சும்மா கெடக்கற சர்ரவுண்ட் பேக் சேனலை முன்னாடி ஸ்பீக்கருக்கு திருப்பி விடும், அதே டிரான்ஸ்ஃபார்மர்தான் ரெண்டுக்கும். வயர் செலவு மட்டும்தான். கண்ணை மூடிட்டு எது பை-ஆம்ப்னு உங்களால சொல்ல முடிஞ்சா அப்ப ஷோரூமுக்கு போங்க. நான் அந்த மெனுவை போட்டு பாக்காம ரெண்டாவது ஆம்ப் வாங்கினவன், அது இப்ப டிவி ஸ்டாண்டோட ஒரு மூலைக்கு முட்டு குடுத்துட்டு இருக்கு.

கே: பை-ஆம்ப் பண்றப்ப ஸ்பீக்கர் பின்னாடி இருக்கற ரெண்டு பித்தளை பட்டையை கழட்டணுமா, அப்படியே விடலாமா? (ஈரோடு)

ப: கழட்டணும். விட்டா ரெண்டு ஆம்போட அவுட்புட்டும் ஒண்ணோட ஒண்ணு ஷார்ட், ஏதாவது ஒரு ஆம்ப் புகையும், ரெண்டும் புகைஞ்சாலும் ஆச்சரியமில்ல. இதை படிக்கறப்பவே மாட்டி வச்சிருந்தீங்கன்னா எந்திரிச்சு போயி சுவிட்சை அணைச்சுட்டு வாங்க.

கே: ஆக்டிவ் கிராஸ்ஓவர், ரெண்டு ஆம்ப் எல்லாம் வாங்கி என் ஸ்பீக்கர்ல இருந்த பழைய கிராஸ்ஓவரை எடுத்துட்டு நேரா டிரைவருக்கே கனெக்‌ஷன் குடுத்தேன். ஆன் பண்ண உடனே ட்வீட்டர்ல "டப்"னு ஒரு சத்தம், செத்துருச்சு. புது ட்வீட்டர் மாட்டினேன், அதுவும் போச்சு. வாரன்ட்டில மாத்தி தர மாட்டேங்கறாங்க, கம்ப்ளைன்ட் பண்ணலாமா? (மதுரை)

ப: யார் மேல தம்பி? முதல் ட்வீட்டர் போனதும் ஏன் போச்சுன்னு பாக்காம ரெண்டாவதை அதே வயர்ல மாட்டினது நீங்க. வாரன்ட்டி இதுக்கு வராது, வரவும் கூடாது.

நீங்க அனுப்பின போட்டோவை பெருசாக்கி பாத்தேன். கிராஸ்ஓவர் பின்னாடி "லோ"ங்கற அவுட்புட்ல இருந்து வர்ற வயர் ட்வீட்டரோட ஆம்புக்கு போகுது. பேஸ் முழுசும் ட்வீட்டருக்கு. ஒரு சாதாரண டோம் ட்வீட்டர் தொடர்ந்து தாங்கறது சில வாட்ஸ்தான், டப்பால "100 வாட்ஸ்"னு போட்டிருக்கறது பேஸை வடிகட்டின பாட்டுக்கு, இது நெறைய பேருக்கு தெரியறதில்ல.

பேசிவ் கிராஸ்ஓவர் இருந்த வரைக்கும் ஆம்புக்கும் ட்வீட்டருக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர் காவல் இருந்துச்சு, அதை நீங்களே புடுங்கிட்டீங்க. இனிமே அந்த இடத்துல நீங்களா ஒண்ணு போடணும். 8 ஓம்ஸ் ட்வீட்டர், 2000 ஹெர்ட்ஸ்ல பிரிக்கறீங்கன்னா சுமார் 40 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், நான்-போலார் (பிளஸ் மைனஸ் பக்கம் இல்லாதது), முடிஞ்சா பாலிப்ராபிலீன் ஃபிலிம் டைப். அது 500 ஹெர்ட்ஸ் பக்கம்தான் வெட்ட ஆரம்பிக்கும், அதனால உங்க கிராஸ்ஓவர் வேலையில பெருசா குறுக்க வராது, ஆனா சுவிட்ச் போடற "டப்"பையும் ஆம்ப் பழுதாகி டிசி வந்தா அதையும் தடுக்கும். ஆன் பண்றப்ப பாட்டு போடற டப்பா முதல்ல, கிராஸ்ஓவர் அடுத்து, ஆம்ப் கடைசி. ஆஃப் பண்றப்ப ஆம்ப் முதல்ல. புதுசா வயர் மாட்டினா முதல் தடவை ட்வீட்டரை மாட்டாம அந்த வயர்ல ஏதாவது ஒரு உருப்படாத பழைய ஸ்பீக்கரை மாட்டி கேளுங்க, "இஸ்ஸ்"ங்கற மேல் சத்தம் மட்டும் வந்தா சரி, டிரம்ஸ் கேட்டா தப்பு.

ஒரு மார்க்கர் பேனா வாங்கி வயர் ரெண்டு முனையிலயும் எழுதுங்க. பத்து ரூபா.

கே: பாக்ஸ் மேல 10,000 வாட்ஸ் பிஎம்பிஓ, அதாவது பீக் மியூசிக் பவர்னு போட்டிருக்கு. நம்பலாமா? (தர்மபுரி)

ப: இல்ல.

கே: சொந்தமா சவுண்ட் சர்வீஸ் ஆரம்பிக்கலாம்னு கடன் வாங்கி "3000 வாட்ஸ்"னு ஒரு பவர் ஆம்ப் வாங்கினேன் அண்ணா, பேஸ் பாக்ஸுக்கு. முதல் கல்யாணத்துலயே பாதில கட் ஆயிருச்சு, சூடாகி சூடாகி நின்னுச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க பாதி காசுதான் குடுத்தாங்க. கடைக்கு கொண்டு போனா "உன் பாக்ஸ்ல கோளாறு"ங்கறாங்க. பில் கேட்டா ஜிஎஸ்டி தனியா ஆகும்னு எஸ்டிமேட் சீட்டுதான் குடுத்தாங்க. வாங்கி 19 நாள் ஆச்சு. (விழுப்புரம் பக்கம்)

ப: தம்பி, மனசு கஷ்டமா இருக்கு, முதல் ஆர்டர்லயே இப்படி ஆயிருக்க கூடாது. உங்க கிட்ட தப்பு ஒண்ணும் இல்ல, வேலையை பாப்போம்.

முதல்ல ஆம்பை திருப்பி பின்னாடி ஃப்யூஸ் ஹோல்டர் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. நீங்க அனுப்பின படத்துல 5 ஆம்பியர்னு தெரியுது. 230 வோல்ட், 5 ஆம்பியர், பெருக்கினா 1150 வாட்ஸ். சுவத்துல இருந்து உள்ள போறதே அவ்ளோதான், அதுல ஒரு பகுதி சூடா வெளிய போயிரும், மிச்சம்தான் ஸ்பீக்கருக்கு. டிரம் அடிக்கற ஒரு நொடில கொஞ்சம் மேல போகும், அதை ஒத்துக்கறேன், ஆனா 3000 வாட்ஸ் தொடர்ந்து வரணும்னா நஷ்டமே இல்லாட்டாகூட 13 ஆம்பியர் இழுக்கணும். அந்த ஃப்யூஸை கிட்டக்க ஒரு போட்டோ எடுங்க, டப்பால "3000" போட்டிருக்கற பக்கத்தையும் எடுங்க, பக்கத்துல பக்கத்துல வச்சா அதுவே சாட்சி.

அடுத்து பில். பில் குடுக்காம விக்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நியாயமில்லாத வணிகம், அது கடைக்காரர் தப்பு, உங்க தப்பு இல்ல. பழுதான பொருளை திருப்பி எடுத்து காசு குடுக்க பில்லுல ஏதும் கெடு போடலைன்னா 30 நாள்னு அதே சட்டம் சொல்லுது. உங்களுக்கு 19 நாள்தான் ஆச்சு, அதனால இன்னிக்கே எழுத்துல கேளுங்க, வாட்ஸ்ஆப்ல ஒண்ணு, ஸ்பீடு போஸ்ட்ல ஒண்ணு. போன்ல பேசி பேசி நாளை கடத்த விடாதீங்க, அவங்களுக்கு வேண்டியது அதுதான். எஸ்டிமேட் சீட்டு, ஜிபே பண்ண ஸ்க்ரீன்ஷாட், ஆம்ப் சீரியல் நம்பர், எல்லாம் ஒரே ஃபோல்டர்ல.

"நீ தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் கேஸ் செல்லாது"ன்னு மெரட்டுவாங்க. தன் பிழைப்புக்காக, சுயதொழிலுக்காக, தானே இயக்க வாங்கின பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாதுன்னு சட்டத்துலயே விளக்கம் இருக்கு. முதல்ல 1915க்கு போன் போட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்துல பதிவு பண்ணுங்க, பல கடை அங்கிருந்து நோட்டீஸ் போனதுமே எறங்கி வந்துரும். வரலைன்னா மாவட்ட ஆணையம், நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், பொருள் விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கெடையாது, இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே போடலாம், வக்கீல் கட்டாயமில்ல. ரெண்டு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, ஆனா அதை சாக்கா வச்சு தள்ளி போடாதீங்க.

ஒண்ணே ஒண்ணு, கடைக்கு திரும்ப போறதுக்கு முன்னாடி உங்க பாக்ஸையும் மல்டிமீட்டர்ல அளந்து வைங்க. 8 ஓம்ஸ் ஊஃபர்னா மீட்டர்ல 6 பக்கம் காட்டும், அது நார்மல். ஒரே சேனல்ல ரெண்டு மூணு பாக்ஸ் சேத்து மாட்டி ஆம்ப் தாங்கற ஓம்ஸுக்கு கீழ போயிருந்தீங்கன்னா அதை வச்சே வாதம் பண்ணுவாங்க. பிரிட்ஜ் மோடுல (ரெண்டு சேனலையும் சேத்து ஒண்ணா ஓட்டறது) போட்டிருந்தா இன்னும் கவனம், 4 ஓம்ஸ் பாக்ஸ் ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓம்ஸா தெரியும்.

கே: எங்க சர்ச்சுக்கு வாங்கின பாக்ஸ்ல ஹார்ன் சத்தமே வரல, பிரசங்கம் ஒண்ணும் புரியல. மெக்கானிக் வந்து டயஃப்ரம் போச்சுன்னு ரெண்டு பாக்ஸுக்கும் 9,000 வாங்கிட்டு மாத்தினார். இப்பவும் வரல, ஆம்பை மாத்தணுங்கறார். (நாகர்கோவில்)

ப: ஆம்பை தொடாதீங்க சிஸ்டர். பாக்ஸ் பின்னாடி ஒயர் சொருகற தட்டுல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், சில மாடல்ல அதுக்கு மேல ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். "ஃபுல் ரேஞ்ச்" ஒரு பக்கம், "பை-ஆம்ப்" ஒரு பக்கம். உங்களுது பை-ஆம்ப்ல நிக்குதுன்னு நெனைக்கறேன். அந்த நிலைல ஸ்பீக்கான் சாக்கெட்டோட 1+ 1- ரெண்டும் ஊஃபருக்கு மட்டும் போகும், 2+ 2- தான் ஹார்னுக்கு. உங்க கிட்ட இருக்கறது ஒரே ஆம்ப், சாதா ரெண்டு கம்பி வயர், அது 1+ 1-ல மட்டும் வருது. ஹார்னுக்கு கரண்டே போகல, பாவம் அது எப்படி கத்தும்? ஆம்பை அணைச்சுட்டு சுவிட்சை ஃபுல் ரேஞ்ச் பக்கம் தள்ளுங்க.

சத்தம் வந்துச்சுன்னா அந்த மெக்கானிக்கை கூப்பிட்டு கழட்டின பழைய டயஃப்ரம் ரெண்டையும் கேளுங்க. மல்டிமீட்டர் வச்சா நல்லதா கெட்டதான்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுரும், 6 ஓம்ஸ் மாதிரி காட்டினா நல்ல பொருளை கழட்டிட்டு போயிருக்கார்னு அர்த்தம். பழசை தர மாட்டேன்னு சொன்னாலும் அதுவும் ஒரு பதில்தான். 9,000த்தை திருப்பி கேளுங்க, சர்ச் காசு அது, கூச்சப்படாதீங்க. இனிமே எந்த ரிப்பேருக்கும் மாத்தின பழைய பார்ட்டை கைல வாங்கிட்டுதான் காசு குடுக்கணும்.

கே: ஊஃபருக்கு 500 வாட்ஸ் ஆம்ப், ட்வீட்டருக்கு 100 வாட்ஸ் ஆம்ப் போட்டேன். சின்ன ஆம்ப் போட்டும் ட்வீட்டர்தான் காதை கிழிக்குது. ஆம்ப் டிஃபெக்ட்டா? (புதுச்சேரி)

ப: டிஃபெக்ட் இல்ல. வாட்ஸ்ங்கறது அந்த ஆம்ப் அதிகபட்சமா எவ்ளோ குடுக்கும்ங்கறது, உள்ள வர்ற சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குதுங்கறது கெயின், அது வேற விஷயம். உங்க பெரிய ஆம்ப் 26 டெசிபல், அதாவது 20 மடங்கு, சின்னது 32 டெசிபல்னா 40 மடங்கு. ஒரே சிக்னலுக்கு சின்ன ஆம்ப்தான் டபுள் வோல்டேஜ் குடுக்கும். போதாததுக்கு ட்வீட்டர், அதுவும் ஹார்ன்னா, ஊஃபரை விட பல டெசிபல் கூடவே கத்தற ஜாதி. கிராஸ்ஓவர்ல "ஹை" அவுட்புட் நாபை குறைங்க, இல்ல ஆம்ப் நாபை குறைங்க. ஆம்ப் வாங்கறப்ப வாட்ஸ் கேக்கற மாதிரி கெயின் எவ்ளோன்னு கேளுங்க, ரெண்டும் ஒரே கம்பெனி ஒரே சீரிஸா இருந்தா பாதி தலைவலி இல்ல. ட்வீட்டரை குறைச்ச பிறகும் பாட்டு இல்லாதப்ப "உஸ்ஸ்"னு இரைஞ்சா அது அந்த சின்ன ஆம்போட இரைச்சல், அதை கடைலயே காதை கிட்ட வச்சு கேட்டிருக்கணும்.

கே: ரிச்சி ஸ்ட்ரீட்ல 5200-1943 டிரான்சிஸ்டர் போட்ட போர்டு ரெண்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் 5 ஆம்ஸ் (ஆம்பியர்), ஒரு ஆக்டிவ் கிராஸ்ஓவர் போர்டு, எல்லாம் வாங்கி நானே பை-ஆம்ப் அசெம்பிள் பண்ண போறேன். போர்டுக்கு ஆளுக்கு 200 வாட்ஸ்ங்கறாங்க. ஐடியா ஓகேவா ப்ரோ? (சென்னை)

ப: ஐடியா சூப்பர், ஆம்பை பிராண்டா வாங்கி காசை கொட்டறதுக்கு முன்னாடி இந்த மாதிரி கைய சுட்டுக்கறதுதான் சரி, 4440 ஐசி போட்ட ஆம்ப் போர்டுல ஆரம்பிச்ச தலைமுறைக்கு இதெல்லாம் சொல்லவே வேணாம். கணக்கு மட்டும் இடிக்குது. 12-0-12, 5 ஆம்ஸ்னா மொத்தம் 24 வோல்ட் பெருக்கல் 5, 120 விஏ. அதுல இருந்து ரெண்டு போர்டுக்கும் சேத்து 400 வாட்ஸ் எங்கிருந்து வரும்? அது மட்டுமில்ல, 12-0-12ஐ டிசி ஆக்கினா ரெண்டு பக்கமும் 16 வோல்ட் பக்கம்தான் கெடைக்கும், 8 ஓம்ஸ்ல அது பத்து பதினஞ்சு வாட்ஸ். வீட்டு ரூமுக்கு ட்வீட்டர் பக்கம் அதுவே தாராளம், ஊஃபர் பக்கத்துக்கு மட்டும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பாருங்க. போர்டு எவ்ளோ வோல்ட்டுக்கு போட்டதுன்னு விக்கறவர் கிட்ட கேட்டுட்டு அதுக்கேத்த மாதிரி வாங்குங்க.

5200-1943ல டூப்ளிகேட் எக்கச்சக்கம். தோஷிபான்னு அச்சடிச்சிருக்கும், உள்ள இருக்கற சில்லு சின்னதா இருக்கும், கொஞ்சம் ஏத்தினா வெடிக்கும். ஒரு ஜோடி ஒரு டீ காசுக்கு கெடைச்சா அது ஒரிஜினல் இல்ல. கிராஸ்ஓவர் போர்டு எந்த ஃப்ரீக்வென்சில வெட்டுதுன்னு கேளுங்க, "எல்லாத்துக்கும் செட் ஆகும் ப்ரோ"ன்னா அங்க வாங்காதீங்க. பல போர்டு சப்வூஃபருக்கு பண்ணது, 100 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டும், அதை ட்வீட்டருக்கு போட்டா மதுரைக்காரர் கதைதான்.

ஸ்லோப், அதாவது எவ்ளோ செங்குத்தா வெட்டுதுங்கறது, 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி கெடைச்சா அதை எடுங்க. எச்பி கம்பெனில இருந்த ரெண்டு இன்ஜினியர் பேர் அது, லிங்க்விட்ஸ் 1976ல எழுதினதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் பெரும்பாலான ப்ரோ கிராஸ்ஓவர்ல அதுதான் ஓடுது. பிரியற இடத்துல ரெண்டு பக்கமும் 6 டெசிபல் எறங்கி நிக்கும், சேத்தா பள்ளமும் இல்லாம மேடும் இல்லாம வரும்.

கே: பை-ஆம்ப்புக்கு டபுள் வயர் வேணுமே, மீட்டர் 900 ரூபா கேபிள் சொல்றாங்க. (திருச்சி)

ப: எலக்ட்ரிக்கல் கடைல வீட்டு வயரிங்குக்கு போடற 2.5 ஸ்கொயர் எம்எம் ஐஎஸ்ஐ காப்பர் வயர் வாங்குங்க. 10 மீட்டர் தூரத்துக்கு போக வர மொத்த ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.15 ஓம், 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அது ஒண்ணுமே இல்ல. எங்கிட்ட ஒரு கட்டு ட்ரான்ஸ்பரன்ட் கேபிள் இருக்கு, விரல் மொத்தம், பளபளன்னு செம்பு கலர், ஆசை ஆசையா வாங்கினது. பிளேடால சுரண்டினா உள்ள வெள்ளையா அலுமினியம், மேல செம்பு முலாம். துணி காயப்போட நல்லா இருக்கு.

கே: ரெண்டு ஆம்ப், கிராஸ்ஓவர் எல்லாம் மாட்டினதுல இருந்து "ம்ம்ம்"னு ஹம். த்ரீ-பின் பிளக்ல எர்த் பின்னை வெட்டினேன், போயிருச்சு. மத்தவங்களுக்கும் சொல்லுங்க சார், செலவில்லாத டிப்ஸ். (தஞ்சாவூர்)

ப: சொல்ல மாட்டேன். இன்னிக்கே புது பிளக் மாட்டுங்க.

ஆம்புக்குள்ள ஒரு வயர் கழண்டு பெட்டில பட்டா, ஃப்யூஸை எரிச்சிருக்க வேண்டிய கரண்ட் உங்க கை வழியா போகும். ஆம்ப், கிராஸ்ஓவர், மிக்சர் எல்லாம் கேபிளோட ஷீல்டு (வெளி கம்பி வலை) வழியா ஒண்ணோட ஒண்ணு கனெக்ட் ஆனதால மைக் புடிக்கற புள்ளைக்கும் வரும். ஹம் வர்றது ரெண்டு வேற வேற இடத்துல எர்த் எடுக்கறதால, அதனால எல்லாத்தையும் ஒரே ஸ்பைக் பஸ்டர்ல, ஒரே பாயின்ட்ல இருந்து எடுங்க. லேப்டாப் சார்ஜரை கழட்டி பாருங்க, பாதி பேருக்கு அதுதான் காரணம். ஆர்சிஏ வயருக்கு பதிலா எக்ஸ்எல்ஆர் (மைக்குக்கு வர்ற மாதிரி மூணு பின் வயர்) போடற வசதி இருந்தா போடுங்க. அப்பவும் இருந்தா சிக்னல் வயர்ல ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். சிக்னல் வயர்ல, கரண்ட் வயர்ல இல்ல.

கே: ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட் டிஜிட்டல் கிராஸ்ஓவர் பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா? (சேலம்)

ப: நேர்ல போயி பாத்தா எடுக்கலாம். கூரியர்ல அனுப்பறேன், முன்பணம் போடுங்கன்னா வேணாம். ஒரு போனும் ரெண்டு எக்ஸ்எல்ஆர் கேபிளும் கொண்டு போங்க, ஒவ்வொரு இன்புட்டையும் ஒவ்வொரு அவுட்புட்டையும் மாத்தி மாத்தி கேளுங்க, சோம்பேறித்தனம் படாதீங்க. என்னோடதுல ஆறு அவுட்புட்ல ஒண்ணு ஊமை, வித்தவர் நம்பரை பிளாக் பண்ணிட்டு போயிட்டார், அதனால நான் த்ரீ-வே (சத்தத்தை மூணா பிரிக்கறது) பண்ணவே முடியாம டூ-வேயோட நிக்கறேன். அப்பறம் பாஸ்வேர்ட் லாக் போட்டிருக்கான்னு கேளுங்க, சவுண்ட் கம்பெனில இருந்து வர்ற பெட்டில இது நடக்கும், செட்டிங்கே மாத்த முடியாது. கம்ப்யூட்டர்ல செட் பண்ற மாடல்னா அந்த சாஃப்ட்வேர் இப்ப இருக்கற உங்க லேப்டாப்ல ஓடுதான்னு முதல்ல டவுன்லோட் பண்ணி பாருங்க. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து சாஃப்ட்வேரை கட்டிட்டு அழறவங்களை நெறைய பாத்துட்டேன்.

கே: சின்ன ரூம், பத்துக்கு பத்து. பாட்டு கேக்கறதுக்குதான். பை-ஆம்ப் பண்ணா நல்லா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, எது எது வாங்கணும்னு ஒரு லிஸ்ட் குடுங்க அண்ணே. (திருநெல்வேலி)

ப: லிஸ்ட்டெல்லாம் வேணாம், ஒரு ஜோடி ஆக்டிவ் ஸ்டுடியோ மானிட்டர் வாங்குங்க. உள்ளயே ரெண்டு ஆம்ப், உள்ளயே ஆக்டிவ் கிராஸ்ஓவர், டிரைவருக்கு ஏத்த மாதிரி கம்பெனியே செட் பண்ணி அனுப்பிடும். உதாரணமா யமஹா எச்எஸ்5ல ஊஃபருக்கு 45 வாட்ஸ், ட்வீட்டருக்கு 25 வாட்ஸ், 2 கிலோ ஹெர்ட்ஸ்ல பிரியுது. ஜேபிஎல் 305ல ரெண்டுக்கும் 41, 41. மேல கோயம்புத்தூர்க்காரருக்கு போட்ட 25 வாட்ஸ் கணக்கு ஞாபகம் இருக்கா, இந்த நம்பர் ஏன் சின்னதா இருக்குன்னு இப்ப புரியும். வாங்கினதும் ராத்திரி ஃபேனை அணைச்சுட்டு நீங்க உக்கார்ற தூரத்துல இருந்து இரைச்சல் கேக்குதான்னு பாருங்க, டேபிள்ல கிட்டக்க வச்சா சிலருக்கு அது பெரிய தொந்தரவு. ரிட்டர்ன் கெடு முடியறதுக்குள்ள இதை செய்யணும், அதுவரைக்கும் அட்டைப்பெட்டியை பரண்ல கூட ஏத்தாதீங்க, தெர்மோகோலோட அப்படியே இருக்கட்டும்.

கே: நல்ல ஸ்பீக்கர் இருக்கு, ஒரு ஸ்டீரியோ ஆம்ப் இருக்கு. ஆக்டிவ் பை-ஆம்ப் போகணும்னு முடிவே பண்ணிட்டேன். அடுத்த மாசம் ரெண்டாவது ஆம்ப் வாங்கிட்டு, காசு சேந்ததும் கிராஸ்ஓவர் வாங்கலாம்னு இருக்கேன். சரியா? (வேலூர்)

ப: தலைகீழ். கிராஸ்ஓவரை முதல்ல வாங்குங்க, ரெண்டாவது ஆம்ப் இல்லாமயே பாதி விஷயம் தெரிஞ்சுரும். உங்க ஸ்டீரியோ ஆம்ப்ல ரெண்டு சேனல் இருக்குல்ல? ஒரே ஒரு பாக்ஸை மட்டும் எடுத்து, லெஃப்ட் சேனலை ஊஃபருக்கும் ரைட் சேனலை ட்வீட்டருக்கும் குடுங்க, ட்வீட்டர் வயர்ல அந்த காவல் கெப்பாசிட்டரோட. பாட்டை மோனோல போடுங்க. நல்லா செட் பண்ணி ஒரு வாரம் கேளுங்க, அப்பறம் இன்னொரு பாக்ஸை அதோட பழைய கிராஸ்ஓவரோட அப்படியே அதே ஆம்ப்ல மாட்டி, சத்தத்தை ரெண்டுக்கும் ஒரே அளவா வச்சு கேளுங்க. வித்தியாசம் பிடிச்சிருந்தா ரெண்டாவது ஆம்புக்கு போங்க. பிடிக்கலைன்னா கிராஸ்ஓவரை பில்லோட, டப்பாவோட வித்துருங்க, சேலத்துக்காரர் தேடிட்டு இருக்கார்.